நின்ற வண்டியில் வேகும் பிரேக்

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் என் ஸ்விஃப்ட் காரின் பிரேக் என்னைக் கைவிட்டது, வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது அல்ல. இருபது நிமிட ஓட்டத்தை முடித்து, தடத்தை ஒட்டிய நிறுத்துமிடமான பிட்டில் கொண்டுவந்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, வீட்டிலிருந்து எடுத்துப்போன மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து, பின்னால் வந்த வண்டிக்கு இடம்விட என்னுடையதைச் சற்றுத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். ஏறி உட்கார்ந்து நகர்த்திவிட்டு பிரேக்கை மிதித்தேன். வயல் சேற்றில் வைத்ததுபோல் கால் உள்ளே இறங்கியது. நடக்கும் வேகம்தான், ஹேண்ட் பிரேக் காப்பாற்றிவிட்டது. ஆனால் வண்டிக்கு முன்னால் நின்றவர் என் மனைவியின் தம்பி. அன்று இரவு கடலூருக்குத் திரும்பிய பிறகும் எனக்கு உறக்கம் வரவில்லை.

என் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. முதுநகரில் கடை. ஐஸ் ஃபேக்டரி மோட்டார், இறால் பண்ணையின் ஏரேட்டர் மோட்டார், சிப்காட் ஆலைகளின் பம்பு மோட்டார் என்று எரிந்து வருபவற்றைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டி எடுத்து, புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். ஆண்டுக்கு மூன்று, நான்கு நாள் மட்டும் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, புதுச்சேரி, திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக அந்த 3.7 கிலோமீட்டர் தடத்துக்குப் போய்விடுவேன். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாக்கி, 1990இல் திறந்த தடம் அது. பன்னிரண்டு வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என் வண்டியின் வேகம் எங்கே போகிறது என்று அந்த இரவுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஆளோடு சேர்த்து வண்டி 1,050 கிலோ. மணிக்கு 140 கிலோமீட்டரில் வந்து 60க்குக் குறைத்தால் சுமார் 650 கிலோஜூல் ஆற்றல் கழிகிறது. காற்றும் என்ஜினும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி அத்தனையும் பிரேக்கில் வெப்பமாக இறங்குகிறது. அந்த 650 கிலோஜூலைக் கொண்டு இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அடுப்பில் அதற்குப் பல நிமிடம் ஆகும். பிரேக்கில் மூன்று, நான்கு வினாடிதான். இதில் பெரும்பங்கைச் சுமப்பவை இரண்டு முன் சக்கரங்களோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டுகள். அவை ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

பெடல் இறங்கியதற்குக் காரணம் பிரேக் ஆயில் கொதித்ததுதான். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்தால் பெடல் கல்போல் நிற்கும், வண்டி மட்டும் நிற்காது, கருகிய வாடை வரும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். கால் அந்தக் குமிழ்களைத்தான் நசுக்குகிறது, அழுத்தம் பேட்டைத் தள்ளும் பிஸ்டனுக்குப் போய்ச் சேர்வதில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேட் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். என் வண்டியில் இருந்தது டாட் 3 என்ற ரகத்துப் பழைய ஆயில். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் திரவம். 3.7 விழுக்காடு அளவுக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது தாங்க வேண்டிய கொதிநிலை 140 டிகிரிதான். டாட் 4க்கு இதே இரண்டு எண்கள் 230, 155. எங்கள் ஊர் காற்றில் திறந்துவைத்த உப்பு ஒரே இரவில் கசிந்துவிடுகிறது. திறந்த ஆயில் டப்பாவை மூடிவைத்து அடுத்த ஆண்டும் ஊற்றுவது எவ்வளவு பெரிய தவறு என்று இப்போது தெரிகிறது.

ஆனால் என்னைக் குடைந்த கேள்வி வேறு. ஓடும்போது கொதிக்காத ஆயில், நின்ற பிறகு ஏன் கொதித்தது?

விடை என் பட்டறையிலேயே இருந்தது. சிப்காட் பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் ஆறு மாதத்தில் இரண்டு முறை எரிந்து வந்தது. சுற்றியதில் குறை இல்லை, சுமையும் அதிகம் இல்லை. நேரில் போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது: மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி கருவியை வைத்து அதைக் குறைந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டாரை ஆற்றும் விசிறி அதன் தண்டிலேயே மாட்டப்பட்டிருக்கும். தண்டு மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். வெப்பம் மட்டும் குறைவதில்லை. பின்பக்கம் தனியாக ஒரு விசிறியை, தனி மின்இணைப்போடு மாட்டிக் கொடுத்தேன். அதன்பிறகு அந்த மோட்டார் என் கடைக்கு வரவில்லை.

காரின் பிரேக்கும் இதே கதைதான். உள்ளே துளைகள் ஓடும் டிஸ்க், சுற்றும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாக வீசும். அதுவே ஒரு விசிறி. வண்டி நின்றால் அந்த விசிறியும் நின்றுவிடும். டிஸ்க்கில் மட்டும் நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பம் தேங்கி நிற்கிறது. அது பேட் வழியாக, பேட்டையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பருக்குள், பிஸ்டனுக்குள், ஆயிலுக்குள் மெல்ல ஏறுகிறது. பந்தயத் தடத்தில் பிரேக் வேகிற நேரம் வண்டி நின்ற பிறகுதான்! ஃபார்முலா ஒன் வண்டிகள் தொடக்கக் கோட்டில் வந்து நின்றதும் பிரேக்கின் காற்று வாயில் புளோயரைச் செருகுகிறார்களே, அது இதற்காகத்தான்.

ஊகத்தோடு விட எனக்கு மனமில்லை. முதலில் ஆயிலைப் புதிய டாட் 4ஆக மாற்றி, நான்கு சக்கரத்திலும் பிரேக் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றினேன். பிறகு மோட்டார் காயிலில் புதைக்கும், வெப்பம் அளக்கும் தெர்மோகப்புள் கம்பி ஒன்றை முன் காலிப்பரில், காற்று எடுக்கும் நிப்பிளுக்குப் பக்கத்தில் கட்டி, மீட்டரை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டேன். தொடாமலே வெப்பம் அளக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கியை டிஸ்க்கின் பளபளக்கும் முகத்தில் காட்டி அளப்பவர்கள் கவனிக்க வேண்டும்: பளபளப்பான உலோகத்தில் அது குறைத்தே காட்டும். மாசி மாத வெயிலில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு உள்ளே வந்தபோது மீட்டர் 98 டிகிரி காட்டியது. நின்றேன். 104. 117. 130. எட்டாவது நிமிடத்தில் 143ஐத் தொட்ட பிறகுதான் இறங்கத் தொடங்கியது. பழைய ஆயிலாக இருந்திருந்தால் அன்றும் கொதித்திருக்கும். பக்கத்தில் நின்று எண்களைக் குறித்துக்கொண்டிருந்த மைத்துனர், “மாமா, வண்டி நிற்கிறது, சூடு ஓடுகிறதே” என்றார். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த மோட்டாருக்குச் செய்ததுபோல பிரேக்குக்கும் தனி விசிறி வைக்க முடிவு செய்தேன். அதற்கு நான் எடுத்தது படகு என்ஜின் அறைக்கென்று விற்கும் 12 வோல்ட் புளோயர், மூன்று அங்குல வாய். பெட்ரோல் என்ஜின் படகுகளில் பெட்ரோல் ஆவி அடித்தட்டில் தங்கிவிடும். என்ஜினைக் கிளப்புமுன் அதை வெளியேற்ற இது வேண்டும். எங்கள் துறைமுகத்து விசைப்படகுகள் எல்லாம் டீசல் என்பதால் இங்கே இதைத் தேடுவோர் குறைவு. வாங்கியவுடன் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நிலைக்காந்த மோட்டார், இரண்டு கார்பன் பிரஷ், தண்டின் இரு முனையிலும் வெண்கலப் புஷ். பிரஷ் ஸ்பிரிங்கை விரல் நுனியால் அழுத்திப் பார்த்தேன். இரண்டும் ஒரே விறைப்பில் இருந்தன. டெர்மினல் முனைகள்தான் நம்பும்படி இல்லை. கடற்காற்றில் மூன்று மாதத்தில் பச்சை பூத்துவிடும். வெட்டி எறிந்துவிட்டு, ஈயம் பற்றவைத்து, வார்னிஷ் பூசி, சுருங்கும் உறை போட்டேன்.

முதலில் செய்த அமைப்பு தவறு. முன் பம்பரில் பனிவிளக்கு இருக்க வேண்டிய மூடியை வெட்டி, அங்கிருந்து குழாய், நடுவில் புளோயர், முடிவில் டிஸ்க் என்று ஒரே நேர்க்கோட்டில் வைத்தேன். திண்டிவனம் சாலையில் மைத்துனரை ஓட்டச் சொல்லி, சுவிட்சைப் போடாமல், புளோயரின் இரண்டு கம்பிகளை மல்டிமீட்டரில் பிடித்தேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வோல்ட் காட்டியது. அதாவது எதிர்க்காற்று விசிறியைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறது. அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? டிஸ்க்குக்குப் போக வேண்டிய காற்றிலிருந்து! வேகத்தில் இந்த விசிறி உதவி அல்ல, குழாயில் மாட்டிய அடைப்பு.

அதனால் கவை வடிவில் தகரத்தில் ஒரு இணைப்பு செய்தேன். ஒரு கிளை நேராக எதிர்க்காற்றுக்கு, மற்றொன்று புளோயருக்கு. இரண்டிலும் லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் மடல். கிணற்றுப் பம்பின் ஃபுட் வால்வு தண்ணீரைத் திரும்ப விடாததுபோல, எந்தக் கிளையில் காற்று வந்தாலும் மற்றதன் மடல் மூடிக்கொள்ளும். மடல் இல்லாவிட்டால், வண்டி நிற்கும்போது புளோயர் ஊதுகிற காற்று எதிர்ப்பு இல்லாத பம்பர் வாய் வழியாகவே வெளியேறிவிடும்.

குழாய்க்கு வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் குழாய் போட்டது அடுத்த தவறு. டிஸ்க்குப் பக்கம் ஒரு சாண் அளவுக்கு வெந்து சுருங்கிவிட்டது. துணிப் பின்னலுள்ள சிலிகான் குழாய்தான் தாங்குகிறது. காற்றை டிஸ்க்கின் முகத்தில் அடிக்காதீர்கள். ஒரு முகம் மட்டும் குளிர்ந்தால் டிஸ்க் கோணிக்கொள்ளும். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தூசித் தகட்டை வெட்டி, டிஸ்க்கின் நடுத்துவாரத்துக்குக் காற்றைக் கொடுத்தால் உள்துளைகள் வழியே இரு பக்கமும் சமமாகப் போகும். பொருத்தியதும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயரோ ஆக்ஸிலின் ரப்பர் உறையோ குழாயில் உரசுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

மின்சாரப் பகுதி எனக்குப் பழகிய வேலை. முன் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு புளோயர், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆம்பியர், தனித்தனி ஃபியூஸ், தனித்தனி ரிலே. இணைப்பு நேராகப் பேட்டரியிலிருந்து. என்ஜினை அணைத்த பிறகும் ஓட வேண்டும் என்பதுதானே இதன் நோக்கம். கண்ட்ரோல் பேனலில் வைக்கும் 12 வோல்ட் டைமர் ஒன்றைச் சேர்த்து, பதினைந்து நிமிடத்தில் தானாக நிற்கும்படி செய்தேன். இரண்டும் சேர்ந்து அந்த நேரத்தில் எடுப்பது இரண்டு ஆம்பியர் மணிதான். 35 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது ஒரு சுமையே அல்ல.

விசிறியை முதலில் வாங்காதீர்கள். நல்ல ஆயில், வெப்பம் தாங்கும் பேட், கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டும் பழக்கம், இவை மூன்றும் வந்த பிறகுதான் விசிறிக்கு வேலை. பிட்டில் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள், பிரேக்கை மிதித்தபடி நிற்காதீர்கள். சூடான டிஸ்க்கில் பேட் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் மட்டும் பேட்டின் பொருள் படிந்து, பிறகு மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் அதிரும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். நான் இப்போது இரண்டு வேலங்கட்டைகளைக் கயிற்றில் கோத்து எடுத்துப்போகிறேன்.

மூன்றாவது முறை போனபோது உள்ளே வந்தது 96இல். டைமரை அழுத்தினேன். இரு பக்கமும் ரீங்காரம் எழுந்தது. 99, 105, 107. அதற்குமேல் ஏறவில்லை. பதினைந்தாவது நிமிடத்தில் டைமர் ‘டக்’ என்று விட்டபோது மீட்டரில் 72. பெடலை மிதித்துப் பார்த்தேன். மேலேயே, விறைப்பாக நின்றது. மைத்துனரையும் ஏறி மிதித்துப் பார்க்கச் சொன்னேன்.

திரும்பி வந்து கழற்றியபோது இடது பக்க ரப்பர் மடல் ஓரத்தில் கிழிந்திருந்தது. டியூபின் மடிப்பு வரும் இடத்தில் வெட்டியிருக்கிறேன், அதுதான் காரணம். மடிப்பில்லாத இடமாகப் பார்த்து வேறொன்று வெட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும்.