மூன்று நூல் போல்ட்

மிச்சிகனுக்கு நாங்கள் குடிவந்தது ஒரு ஜனவரி மாதம். கோயம்புத்தூர் கணபதியில், அப்பாவின் லேத் பட்டறைக்கு மேல்மாடியில் வளர்ந்தவன் நான். காலையில் மோட்டார் ஓடத் தொடங்கினால் இரவு வரை ஏதாவது ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பான்டியாக் நகரத்து வாடகை வீட்டில் ஹீட்டரின் சீறலைத் தவிர வேறு ஒலி இல்லை. தெருவெல்லாம் பனி, ஆள் நடமாட்டமே கிடையாது. இரண்டு மாதம் எனக்குச் சரியான தூக்கமில்லை. பான்டியாக்கில் பராசக்தி கோயில் இருந்தது என் மனைவிக்குப் பெரிய ஆறுதல். எனக்கு ஆறுதல் கிடைத்தது ஏப்ரலில், பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கராஜைத் திறந்தபோது.

உள்ளே 1966 ஆம் ஆண்டு ஜி.டி.ஓ. நின்றது. இந்த ஊரின் பெயரையே தாங்கிய, ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவான பான்டியாக் நிறுவனத்தின் கார். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதித்திருந்தது. 1964இல் பான்டியாக் பொறியாளர்கள் 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் காரின் கூடுதல் வசதிப் பட்டியலில் சேர்த்து அந்த விதியைத் தாண்டினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஜி.டி.ஓ. பெரியவர் இளவயதில் இங்குள்ள கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இதையெல்லாம் சொந்தக் குடும்பத்துக் கதைபோலச் சொன்னார்.

“மஃப்ளர் மாற்றப் போகிறேன், கை கொடுக்கிறாயா?” என்று கேட்டார். மஃப்ளர் என்றதும் மார்கழிக் குளிரில் தாத்தா கழுத்தில் சுற்றிக்கொள்ளும் கம்பளித் துணி என் கண்முன் வந்தது. அவர் சொன்னது நம் ஊர் சைலன்சரை. மஃப்ளரோடு வேலை முடியாது, எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு ஹெடரும் மாட்ட வேண்டும் என்றார்.

பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒரே குறுகிய அறைக்குள் முட்டி மோதித்தான் வெளியேற வேண்டும். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். நான்கு குழாய்களும் கீழே கலெக்டரில் ஒன்று சேரும். ஒரு சிலிண்டரின் புகை வேகமாக வெளியேறும்போது அடுத்ததன் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் புகையைத் தள்ளிவிடச் செலவழிக்கும் பலம் சக்கரத்துக்கு மிச்சமாகும்.

பெட்டியைப் பிரித்தோம். குழாய் ஒன்றே முக்கால் அங்குலம், கலெக்டர் மூன்று அங்குலம், போல்ட் எட்டில் மூன்று. என் வாய் தானாக “மூன்று நூல்” என்றது. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது அப்பா பட்டறையின் கணக்கு. கல்லூரியிலும் அலுவலகத்திலும் மில்லிமீட்டரிலேயே புழங்கிய எனக்கு, அந்தச் சொல் இந்தக் கராஜில்தான் மீண்டும் பயன்பட்டது. பெரியவருக்கு விளக்கிச் சொன்னேன். அன்றிலிருந்து ஸ்பானர் கேட்கும்போதெல்லாம் அவரும் நூல் கணக்கிலேயே கேட்டார்.

பழைய மேனிஃபோல்டைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு இங்கே எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. கடைசி இரண்டு போல்ட்டுகள் இரவெல்லாம் எண்ணெயில் ஊறியும் அசையவில்லை. அடம்பிடித்துத் திருகினால் முறிந்துவிடும்; அப்புறம் எஞ்சின் ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்ட துண்டைத் துளையிட்டு எடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி எடுத்துவந்தேன். போல்ட்டைச் சுற்றி டார்ச்சால் நன்றாகச் சூடேற்றி, தீயை அணைத்துவிட்டு மெழுகை மரையின் ஓரத்தில் வைத்தேன். உருகிய மெழுகு வெளியே வழியாமல் உள்ளே இழுபட்டது. சற்றுப் பொறுத்து ஸ்பானரை முன்னும் பின்னுமாக அசைத்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் பிடி விட்டது. அப்பா செய்து நூறு தடவை பார்த்திருக்கிறேன். என் கையால் செய்தது அதுதான் முதல் தடவை.

ஹெடரை உள்ளே நுழைக்க ஒரு முழு நாள் ஆனது. ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றி, எஞ்சின் மவுன்ட்டை விடுவித்து, ஜாக்கியால் எஞ்சினைச் சற்றுத் தூக்கினோம். ஓட்டுநர் பக்கத்தில் ஸ்டியரிங் தண்டும் கிளட்ச் இணைப்பும் வழிமறிக்கும். குழாயைக் கீழிருந்து ஏற்றி, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலத் திருப்பித் திருப்பித்தான் உட்கார வைக்க வேண்டும். சிலர் சூடு தாங்க நாடா சுற்றுவார்கள். நான் வேண்டாம் என்பேன். அது ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பை அரித்துவிடும். செராமிக் பூச்சுதான் நல்லது. இரண்டு பக்கத்துக் குழாய்களையும் கலெக்டருக்குப் பின்னால் ஒரு குறுக்குக் குழாயால் இணைத்தோம்.

சாவியைத் திருப்பியதும் புதுக் குழாயிலிருந்த எண்ணெய் எரிந்து கராஜ் முழுக்கப் புகை. புகைக்குள்ளிருந்து அந்த உறுமல் வந்தது. எட்டு சிலிண்டர்களும் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றை எண்கள் ஓட்டுநர் பக்கம், இரட்டை எண்கள் மறுபக்கம். 8, 4 இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வெடிக்கும். 5, 7 மறுபக்கத்தில் அதேபோல. தாளம் அங்கே தடுக்கித் தடுக்கி விழுவதால்தான் இந்த எஞ்சினுக்கு இப்படியொரு குரல். சிறு வயதில் தோட்டத்து ஆயில் எஞ்சின் சத்தத்தை வைத்தே யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காது எனக்கு இன்னும் இருந்தது.

அப்பாவுக்கு வீடியோ அழைப்பு போட்டு, போனைக் காரின் பின்னால் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெரியவர் பக்கத்தில் கைகட்டி நின்றார், ஆசிரியர் விடைத்தாள் திருத்துவதைப் பார்க்கும் மாணவனைப் போல.

“இடது பக்கம் லேசாக டிக் டிக் என்கிறது, கண்ணு. கேஸ்கெட்டில் காற்று கசிகிறது. சூடு ஆறட்டும், மறுபடியும் எல்லா போல்ட்டையும் முறுக்குங்கள்.”

மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்தவன் சட்டை மாற்றாமலே கராஜுக்குப் போனேன். பெரியவர் ஸ்பானரோடு காத்திருந்தார். முன்பக்கத்து முதல் போல்ட் கால் சுற்று ஏறியது.