நிலம் கேட்ட தளபதி

பழைய சீனத் தளபதிகள் என்றால் எல்லாரும் பாய் சீயைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தவர் சின் நாட்டுக் கிழவர் வாங் ஜியன். சீனா பல நாடுகளாகப் பிரிந்து கிடந்த காலம் அது. வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன் நான். நிலம் கேட்டு மனுப் போடுகிற ஆள் என்றால் ஒரு ஆர்வம் வந்துவிடும்.

கி.மு. 228இல் ஜாவ் நாட்டு மன்னரைப் பணியவைத்தவர் இவர். அடுத்து சூ நாடு. எத்தனை பேர் வேண்டும் என்று சின் மன்னர் ஜெங் (பிற்பாடு முதல் பேரரசர் ஆனவர்) கேட்டார். இளந்தளபதி லீ ஷின் 2 லட்சம் போதும் என்றான். வாங் ஜியன் 6 லட்சத்துக்குக் குறைந்தால் ஆகாது என்றார். "தளபதிக்கு வயசாகிவிட்டது" என்றார் மன்னர். சரி, உடம்பு முடியவில்லை என்று சொந்த ஊர் பின்யாங்குக்குப் போய்விட்டார் கிழவர்.

லீ ஷின் உதை வாங்கித் திரும்பினான். மன்னரே பின்யாங்குக்கு ஓடி மன்னிப்புக் கேட்டார். அப்போதும் அதே 6 லட்சம்தான்.

வழியனுப்ப மன்னர் பாஷாங் வரை வந்தார். அங்கே வைத்து வாங் ஜியன் நல்ல வயல், வீடு, தோட்டம், குளம் என்று அடுக்க ஆரம்பித்தார். பிள்ளைகுட்டிகளுக்காம்! மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லைக் கணவாய்க்குப் போன பிறகும் கிழவர் நிலம் கேட்டு ஐந்து தடவை ஆள் அனுப்பினார். கூட இருந்த ஒருவர், இது ரொம்ப அதிகம் என்றார். மன்னர் சந்தேகப் பேர்வழி, நாட்டுப் படை மொத்தமும் இப்போது என் கையில், நிலத்துக்கு அலைகிறவனாகத் தெரிந்தால்தான் நிம்மதியாக இருப்பார் என்றார் கிழவர்.

அவர் பயந்தது வீண் இல்லை. இதே சின் நாட்டுத் தளபதி பாய் சீக்கு கி.மு. 257இல் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி அரண்மனையிலிருந்து வாள் வந்தது. ஜாவ் தளபதி லீ மூவை, சின் நாடு பொன் கொடுத்துக் கிளப்பிய வதந்தியை நம்பி, அவருடைய மன்னரே கொன்றார். அந்த ஜாவ் போரில் லீ மூவுக்கு எதிரே நின்றவர் வாங் ஜியன்தான்.

சூ எல்லையில் போய் மதில் கட்டி உட்கார்ந்தார். எதிரி எவ்வளவு சீண்டியும் வெளியே வரவில்லை. வீரர்களுக்குக் குளியல், நல்ல சாப்பாடு; தானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அப்புறம் ஒருநாள், பயல்கள் என்ன விளையாடுகிறார்கள் என்று விசாரித்தார். கல் எறிகிறார்கள், தாண்டிக் குதிக்கிறார்கள் என்றார்கள். சரி, படை தயார் என்றார். சலித்துப்போன சூ படை கிழக்கே நகர்ந்தபோது பின்னாலேயே பாய்ந்தார். சூ தளபதி ஷியாங் யான் செத்தார். கி.மு. 223இல் சூ மன்னர் சிறைப்பட்டார்.

வாங் ஜியனுக்கு வாள் எதுவும் வரவில்லை. வரலாற்றாசிரியர் சிமா சியன் மட்டும் விடவில்லை: மன்னருக்கு நல்ல புத்தி சொல்லாமல் ஒத்து ஊதியே காலத்தை ஓட்டினார் என்று எழுதிவைத்தார். அதுவும் நியாயம்தான். வாங் ஜியனின் பேரன் வாங் லீ கி.மு. 207இல், சின் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய ஷியாங் யூவிடம் பிடிபட்டார். ஷியாங் யூ வேறு யாருமில்லை, அந்த ஷியாங் யானின் பேரன்.