வீட்டு வேலைக்குப் பையனுக்குச் சம்பளம்: டாக்ஸ் விஷயத்துல நாங்க பட்டது

அமெரிக்காவுல டீனேஜ் பிள்ளைங்கள வச்சிருக்கவங்களுக்கு உதவும்னுதான் எழுதுறேன். 2024 சம்மர்ல என் பையனுக்கு 16 வயசு, வெளிய வேலை எதுவும் அமையல, சரி நானே தர்றேன்னு சொல்லி பகல்ல தங்கச்சியப் பாத்துக்குறது, புல் வெட்டுறது, வேலிக்கு பெயிண்ட் அடிக்கிறதுன்னு வாரம் 20 மணி நேரம், மணிக்கு 12 டாலர், 12 வாரத்துக்கு மொத்தம் 2,880 டாலர் குடுத்தோம். கையில குடுக்காம எல்லாத்தையும் அவன் பேங்க் அக்கவுண்டுலயே போட்டோம்.

டிசம்பர்லதான் வயித்தக் கலக்குச்சு. வீட்டு வேலைக்கு ஆள் வச்சு 2024ல ஒருத்தருக்கு 2,700 டாலரோ அதுக்கு மேலயோ குடுத்தா சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி (அரசாங்க பென்ஷனுக்கும் வயசானவங்க மருத்துவத்துக்கும் சம்பளத்துல கட்டுறது) கட்டணும்னு எங்கயோ படிச்சேன், உடனே சம்பளக் கணக்கு பாத்துக் குடுக்குற ஒரு பேரோல் சர்வீஸுக்கு போன் பண்ணா அவங்க ஈஐஎன் (வேலைக்கு ஆள் வைக்கிறவங்களுக்கான வரி நம்பர்) வாங்கணும், ஷெட்யூல் எச் (வீட்டு வேலை ஆளுக்கான வரி ஃபாரம்) போடணும், மாசாமாசம் இவ்ளோ ஃபீஸுன்னு அடுக்குறாங்க, வேலை செஞ்சது யாரு, என்ன வயசுன்னு ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு நாள் தூக்கமே இல்ல. அப்புறம் ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வரித்துறை, வீட்டு வேலைக்கு ஆள் வைக்கிறவங்களுக்குன்னு போட்டிருக்கற பப்ளிகேஷன் 926ஐ எடுத்து வச்சு நானே வரி வரியா படிச்சேன். சொந்தப் பிள்ளை 21 வயசுக்குக் கீழ இருந்தா அந்த ரெண்டு வரியும் கிடையாது, ஃபூட்டாங்கற வேலையில்லாதோர் நிதி வரியும் கிடையாது. இன்கம் டாக்ஸ் பிடிக்கிறதும் அவனா கேட்டு நாங்க ஒத்துக்கிட்டாதான். அப்போ எங்களுக்கு ஷெட்யூல் எச்சும் வேண்டாம், டபிள்யூ-2ங்கற வருஷாந்திர சம்பளச் சான்றும் வேண்டாம். அதப் படிச்சப்ப எவ்ளோ நிம்மதின்னு சொல்லி முடியாது.

ஆனா இந்தக் காச நம்ம டாக்ஸ்ல கழிச்சுக்க முடியாது, சொந்த வீட்டுச் செலவு கணக்குதான். தங்கச்சியப் பாத்துக்கிட்டதுக்குக் குடுத்தத சைல்ட் கேர் கிரெடிட்லயும் (பிள்ளையப் பாத்துக்க ஆன செலவுக்குத் தர்ற வரிச் சலுகை) காட்ட முடியாது, வருஷக் கடைசியில 19 வயசு ஆகாத சொந்தப் பிள்ளைக்குக் குடுத்தா அது செல்லாது.

இவ்ளோ மெனக்கெட்டதே அவன் பேர்ல ஒரு ரோத் ஐஆர்ஏ, அதாவது ஓய்வுகால சேமிப்புக் கணக்கு, ஆரம்பிக்கத்தான். உழைச்ச வருமானம் இருந்தாதான் அதுல போட முடியும், 2024க்கு உச்சவரம்பு 7,000 டாலர், ஆனா சம்பாதிச்சதுக்கு மேல போகக் கூடாது, அதனால இவனுக்கு 2,880தான். மைனர்ங்கறதால பெரியவங்க பொறுப்புல நடக்குற கஸ்டோடியல் அக்கவுண்டு. இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்கன்னு எனக்குத் தோணுது. சொந்த ரூமப் பெருக்குறது, சாப்பிட்ட தட்டக் கழுவுறதுக்கெல்லாம் குடுக்குறது பாக்கெட் மணி, அத சம்பளம்னு எழுதாதீங்க. வெளியாள வச்சா காசு குடுத்துத்தான் ஆகணும்ங்கற வேலைக்கு மட்டும், வெளியாளுக்குக் குடுக்குற ரேட்டுல குடுங்க. நல்லவேளையா அவன் ஒரு நோட்டு போட்டிருந்தான். "ஜூன் 18, காலைல 8 டு 11, பின்பக்க வேலி, முதல் கோட்டு"ன்னு பெயிண்ட் கறையோட ஒரு பக்கம் இருக்கு, அதப் பாத்தாலே எனக்குக் கண்ணு கலங்கும். நோட்டுல இருக்கற மணிக்கணக்கும் பேங்க்ல ஏறின தொகையும் வாராவாரம் சரியா ஒத்துப்போச்சு.

வருமானத்துல வரி இல்லாம கழிச்சுக்கற ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 2024ல அவனுக்கு, சம்பாதிச்சதப் பொறுத்து, 14,600 டாலர் வரைக்கும் போகும், அதனால வரி பூஜ்யம், ஃபைல் பண்ண அவசியமும் இல்ல. இருந்தாலும் ஒரு ரெக்கார்டு இருக்கட்டும்னு 1040ங்கற வருமான வரி ஃபாரம் போட்டோம், டபிள்யூ-2 இல்லாத வீட்டு வேலைச் சம்பளத்துக்குன்னே லைன் 1பி இருக்கு, அதுல 2,880ன்னு போட்டான். 2025 ஏப்ரல் 15க்குள்ள ரோத்ல காச போடணும்னு இருந்துச்சு, அவன் பாதி செலவு பண்ணிட்டான், மீதிய நாங்க அன்பளிப்பா சேத்துப் போட்டோம், அது தாராளமா பண்ணலாம். நோட்ட முழுசா ஸ்கேன் பண்ணி அந்த 1040 காப்பியோட ஒரே ஃபோல்டர்ல வச்சிருக்கேன்.