செவ்வாய்க் குழுவில் பத்திரிகையாளர் இடம்: தேர்வான அனுபவம்

பூமியிலேயே நடக்கும் செவ்வாய் ஒத்திகைப் பயணம் ஒன்றில் ஆய்வாளரும் பத்திரிகையாளருமாகப் போக ஒரே ஓர் இடம் இருந்தது. முதல் தடவை முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை கிடைத்தது. இதே இடத்துக்கு முயல்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் மார்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு நடத்தும் செவ்வாய் ஒத்திகை நிலையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆறேழு பேர் கொண்ட குழு, பெரும்பாலும் இரண்டு வாரம். பொறியாளர், மருத்துவப் பொறுப்பாளர் என்ற வரிசையில் பத்திரிகையாளருக்கும் அங்கே இடம் உண்டு. நான் முயன்றது வேறு குழு, ஆனால் ஏற்பாடு கிட்டத்தட்ட இதுதான்.

முதல் விண்ணப்பத்தில் என் கட்டுரைகளை அடுக்கியிருந்தேன். எழுதத் தெரியும் என்பது தெரிந்தது. தண்ணீர்ப் பம்பு நின்றால் இவரால் என்ன ஆகும் என்பது தெரியவில்லை. ஆறு பேர் உள்ள இடத்தில் எழுத மட்டும் ஓர் ஆளை வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த ஆண்டுக்குள் முதலுதவிப் பயிற்சி முடித்தேன், பம்பைப் பிரித்து மாட்டக் கற்றேன். ஆய்வுத் திட்டத்தையும் சுருக்கினேன்: செய்தி தாமதமாகப் போகும்போது மனிதர்கள் எழுதும் விதம் எப்படி மாறுகிறது என்ற ஒரே கேள்வி. ஆறு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது, இது முன்னோட்டம் மட்டுமே என்று நானே முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். தேர்வுக் குழுவுக்கு அந்த வரி பிடித்திருந்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

இரண்டாம் சுற்று எழுத்துவழிதான். செவ்வாயிலிருந்து ஒளி இங்கே வந்துசேர 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். அதனால் ஒவ்வொரு செய்தியையும் 20 நிமிடம் நிறுத்திவைத்துத்தான் அனுப்பினார்கள். "அறிக்கை எப்போது வேண்டும்?" என்று கேட்டேன். நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "எந்த அறிக்கை?" கையிலிருந்த நேரத்தில் பாதி அதிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு, "இன்றைய நடைப்பயண அறிக்கையைக் கேட்கிறேன். எட்டு மணிக்கு வேண்டுமென்றால் படம் இல்லாமல் வரும்; பத்து மணி என்றால் படத்தோடு வரும். பதில் வராவிட்டால் எட்டுக்கே அனுப்பிவிடுவேன்" என்று எழுதப் பழகினேன். எதிராளி கேட்கப்போகும் கேள்வியையும் நாமே எழுதிவிட வேண்டும்.

உண்மையான சோதனை நேர்காணலில்தான். "ஒருவர் மூன்று இரவாகத் தூங்கவில்லை என்று உங்கள் ஆய்வுப் படிவத்தில் எழுதியிருக்கிறார். அன்றைய அறிக்கையில் அது வருமா?" என்று கேட்டார்கள். பெயர் போடாமல் எழுதுவேன் என்றேன். "ஆறு பேரில் ஒருவர் என்று எழுதினால் மற்ற ஐந்து பேருக்கு யாரென்று தெரியாதா?" எனக்கு வாயடைத்துவிட்டது. ஊரில் செய்தி எழுதும்போது பெயரை மறைத்தால் ஆளும் மறைந்துவிடுவார். அங்கே மறைய மாட்டார். எழுதியவரும் அன்றிரவு அதே மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

1980களின் நடுவில் நாசா விண்வெளிக்கு ஒரு பத்திரிகையாளரை அனுப்ப நினைத்தபோது 1,700 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். சேலஞ்சர் விண்கல விபத்துக்குப் பின் அந்தத் திட்டம் நின்றுபோனது. 1990 டிசம்பரில் ஜப்பானியப் பத்திரிகையாளர் டொயோஹிரோ அகியாமா சோவியத் விண்வெளி நிலையமான மிருக்குப் போய், சுமார் ஒரு வாரத்தில் திரும்பினார். விருந்தாளியாகப் போய்வரலாம், ஒரு வாரம்தானே. செவ்வாய்க்குப் போய்வர இரண்டு, மூன்று ஆண்டு ஆகும். அங்கே விருந்தாளி என்று யாரும் இருக்க முடியாது.

கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பதிலை மாற்றினேன். ஆய்வாளராக எனக்குத் தெரியவந்தது ஒரு நோட்டில். அது ஒப்புதல் படிவத்துக்குக் கட்டுப்பட்டது, அறிக்கைக்கு வராது. எல்லார் கண்ணெதிரே நடந்தது இன்னொரு நோட்டில். இயந்திரம் பழுதானதையும் நாங்கள் செய்த தவறுகளையும் மழுப்பாமல் எழுதுவேன். ஆனால் சம்பந்தப்பட்டவர் படித்த பிறகே அனுப்புவேன் என்றேன்.

தேர்வான பின் ஒப்புதல் படிவத்தை நானே தயாரித்தேன். "குழுவின் பொதுவான மனநிலை பற்றி அறிக்கையில் எழுதலாம்" என்று ஒரு வரி இருந்தது. எங்கள் பொறியாளர் ஒன்றும் பேசாமல் பென்சிலால் அதன்மேல் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தந்தார். நானும் காரணம் கேட்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு ஆறு பிரதி புதிதாக அச்சிட்டேன்.