புயல் அடித்த முதல் வாரத்தில் எப்படிச் செபிப்பது?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் விசைப்படகுகள் பல ஏற்கெனவே பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் தொழிலில் இருந்தன. கரையில் விடுத்த எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்தவர்களை எட்டவில்லை. கிறிஸ்துமஸ் வந்தபோதும் அந்த ஊர்களில் பல வீடுகளுக்கு ஆள் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் கோவில் மணி அடித்து மக்களைக் கூட்டினால் என்ன செபிப்பது, எதைச் செபிக்கக் கூடாது? பங்குத்தந்தை, உபதேசியார், அன்பியம் எனப்படும் பங்கின் சிறு குழுவின் பொறுப்பாளர் என யார் செபத்தை நடத்தினாலும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டிய விஷயம் இது. புயல் வந்தபின் யோசிக்க நேரம் இருக்காது.

முதலில் விலக்க வேண்டியது விளக்கம் சொல்வது. ஏன் இப்படி நடந்தது என்று மக்கள் கேட்பார்கள். அவர்கள் பதிலுக்காகக் கேட்பதில்லை, வலியில் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் "ஊரில் பாவம் பெருகிவிட்டது" என்று ஒருவர் மைக்கில் சொன்னால், மகனை இழந்த தாயின் காதில் அது "உன் பிள்ளை பாவி" என்றுதான் விழும். இறைவாக்கினர் நூல்களில் பேரழிவைத் தண்டனையாகப் பேசும் பகுதிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு விபத்தைப் பற்றிப் பேசும்போது இயேசு என்ன சொன்னார் என்பது லூக்கா 13:4-5இல் தெளிவாக இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் இல்லை என்கிறார். மனம் மாறுங்கள் என்ற எச்சரிக்கை உயிரோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. செத்தவர்கள்மீது அவர் தீர்ப்பு எழுதவில்லை. யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதன்பின் அவர்கள் பேசியதில்தான் வந்தது தவறெல்லாம்.

இதன் மறுபக்கம், "கடவுள் எங்களைக் காப்பாற்றினார்" என்ற சாட்சியம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை என்பது அற்புதமாகப் பரவியது. அதே ஊரில், அதே காலையில், கடற்கரையில் நின்றிருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் செத்துப்போனார்கள். அவர்களும் மாதாவைத் தேடி வந்தவர்களே. தப்பியவர் நன்றி சொல்வது தவறே இல்லை, அது அவருடைய உரிமை. ஆனால் இழந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் பொதுச் செபத்தில் அதற்கு இடம் வேண்டாம். அவருடைய வீட்டில், அன்பியக் கூட்டத்தில் சொல்லட்டும். முதல் ஒரு மாதமாவது இதைப் பிடிவாதமாகக் கடைப்பிடிப்பது நல்லது.

வாசகத் தேர்வில்தான் அதிகம் சறுக்குகிறோம். புயல் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது இயேசு கடலை அடக்கிய நிகழ்ச்சி, மாற்கு 4:35-41. அடுத்தது திருப்பாடல் 107:23-30. இரண்டிலும் புயல் ஓய்கிறது, படகு கரை சேர்கிறது. படகு கரை சேராத வீட்டாருக்கு இவற்றை முதல் வாரத்தில் வாசித்தால், எங்கள் படகுக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வியோடுதான் எழுந்து போவார்கள். திருப்பலியில் நற்செய்தி வாசகத்தை நம் விருப்பத்துக்கு வெட்டக் கூடாது. திருப்பலி அல்லாத செபக் கூட்டத்தில் மாற்கு 4:38 வரை வாசித்து, சாகப்போகிறோமே உமக்குக் கவலை இல்லையா என்று சீடர்கள் கேட்கும் இடத்தில் நிறுத்தலாம். நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் மௌனம். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக இயேசு அவர்களைப் படகிலிருந்து இறக்கிவிடவில்லை என்பதை மக்கள் தாங்களே உணர்ந்துகொள்வார்கள்.

முதல் வாரத்துக்கு ஏற்றவை புலம்பல் பாடல்கள். திருப்பாடல் 13 சிறியது, ஆறே வசனம். முதல் இரண்டில் 'எவ்வளவு காலம்' என்ற கேள்வி நான்கு முறை வருகிறது, அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்ல எளிது, புத்தகம் தேவையில்லை. திருப்பாடல் 88 இன்னும் கடினமானது. அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, இறுதியில் புகழ்ச்சி எதுவும் இல்லை. அதை வாசித்தபின் சிலர் பதறிப்போய் உடனே ஒரு புகழ்ச்சிப் பாடலைத் தொடங்குவார்கள். வேண்டாம். அப்படி முடியும் செபமும் திருவிவிலியத்துக்குள்தான் இருக்கிறது. வார்த்தையே வராத இரவுகளுக்கு உரோமையர் 8:26 போதும். எப்படி வேண்டுவதென்று நமக்குத் தெரியாதபோது தூய ஆவியாரே பெருமூச்சுகளால் நமக்காகப் பரிந்துபேசுகிறார் என்கிறார் பவுல்.

நேரம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தேடப் போன படகுகளிடமிருந்தும் கடலோரக் காவல்படையிடமிருந்தும் தகவல் வந்துகொண்டிருக்கும், கோவில் ஒலிபெருக்கி அதற்குத் தேவை. பாட்டுக்காக அதை மணிக்கணக்கில் பிடித்து வைக்கக் கூடாது. செபமாலை சொல்வதானால் ஒலிபெருக்கி இல்லாமலே சொல்லலாம், தகவல் வந்தால் பாதியில் நிறுத்தலாம். மின்சாரம் இல்லாத கோவிலில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் மக்களிடையே மெழுகுதிரி கொளுத்தாதீர்கள், பேட்டரி விளக்கு போதும். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழாக் காலையில் லிஸ்பனை நிலநடுக்கம் உலுக்கியபோது கோவில்களில் மக்கள் நிரம்பியிருந்தார்கள். பீடங்களில் எரிந்த திரிகளும் வீடுகளின் அடுப்புகளும் பற்றிய தீ நாள்கணக்கில் நகரத்தை எரித்தது.

பெயர்ப் பட்டியலை இரண்டாக வையுங்கள்: உடல் கிடைத்தவர்கள், கடலில் இருப்பவர்கள். காணாமல் போனவரை 'இறந்தோர்' வரிசையில் சேர்ப்பது குடும்பத்தின் முடிவு, நம்முடையது அல்ல. பொது மன்றாட்டில் 'கடலில் இருக்கும் எங்கள் சகோதரர்களுக்காக' என்றால் உயிரோடு இருப்பதாக நம்புகிறவருக்கும் நம்பிக்கை விட்டவருக்கும் பொருந்தும். படகில் வேலைக்கு வந்த வெளியூர்க்காரர், வெளிமாநிலத்தார், பிற சமயத்தவர் பெயர்களையும் வாசிக்க வேண்டும். அவர்களுக்காக அங்கே அழுவதற்கு வேறு யாரும் இருக்க மாட்டார்கள். இந்தப் பட்டியல் செபத்துக்கு மட்டும் உதவுவதில்லை. ஒக்கியின்போது அரசு சொன்ன எண்ணிக்கையும் பங்குகள் வீடு வீடாகத் திரட்டிய எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. பெயர், அப்பா பெயர், படகின் பதிவு எண், கரையை விட்ட நாள், கடைசியாகப் பேசிய நேரம், மீனவர் அடையாள அட்டை எண் ஆகியவற்றை முதல் நாளிலேயே ஒரே நோட்டில் எழுதினால், காவல் நிலையப் புகாருக்கும் மீன்வளத் துறைக்கும் அதுவே ஆதாரம்.

காணிக்கைக்கு முன்மாதிரி திருத்தூதர் பணிகள் 11:27-30. பஞ்சம் வருமென்று கேட்ட அந்தியோக்கியா சீடர்கள் அவரவர் வசதிக்கேற்பப் பணம் சேர்த்துப் பர்னபா, சவுல் கையில் கொடுத்தனுப்பினார்கள். பின்னாளில் பெருந்தொகை திரட்டியபோது யாரும் குறை சொல்லாதபடி பவுல் கூடவே ஆள்களை அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21). ஆகவே எண்ணுவதற்கு எப்போதும் இருவராவது இருக்கட்டும், வரவும் செலவும் கோவில் அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் ஒட்டப்படட்டும். பழைய துணி கேட்காதீர்கள். 2004இல் நாகப்பட்டினம் பகுதிச் சாலையோரங்களில் அவை குவியலாகக் கிடந்து வீணாயின. புது லுங்கி, நைட்டி, உள்ளாடை, நாப்கின், மூடியுள்ள வாளி, கொசுவலை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நிவாரணம் கொடுக்கும் வரிசையில் செபம் நடத்தவும் வேண்டாம். பசியோடு நிற்பவர் அதை நிபந்தனையாகத்தான் எடுத்துக்கொள்வார். உதவியைச் சமயக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்ற 1994ஆம் ஆண்டின் நிவாரண நடத்தை விதிகளைக் கத்தோலிக்கத் திருச்சபையின் உதவி அமைப்பான காரித்தாசும் சேர்ந்துதான் கொண்டுவந்தது.

உடல் இல்லாமலும் அடக்கத் திருப்பலி நிறைவேற்றலாம், இறந்தோருக்கான மன்றாட்டுகளையும் சொல்லலாம். எப்போது என்பதை மனைவியும் பெற்றோரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். ஒரே வீட்டில் ஒருவர் தயாராக இருப்பார், மற்றவர் இருக்க மாட்டார். அவசரப்படுத்தினால் அந்த வீட்டில் பல ஆண்டுகளுக்குப் பேச்சே நின்றுவிடும்.

இன்னொன்றைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள். ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது நாட்டுச் சட்டத்தின் பொது விதி. ஒக்கிக்குப் பிறகு இழப்பீட்டுக்காக அரசு அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. திருச்சபையிலோ அடக்கத் திருப்பலி நடந்ததாலேயே மறுமணத்துக்கு வழி திறந்துவிடாது. சாவை உறுதிசெய்யும் அரசு ஆவணமோ திருச்சபை ஆவணமோ இல்லையென்றால், திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1707ஆம் எண் சட்டத்தின்படி மறைமாவட்ட ஆயர் விசாரித்து, இறந்ததாகக் கருதி அறிவிக்க வேண்டும். காலம் கடந்துபோனது மட்டும் அதற்குப் போதாது. கூடப் போய்த் தப்பி வந்தவர்களின் வாக்குமூலமும் படகு உடைந்ததற்கான சான்றும் தேவைப்படும். இளம் மனைவியரிடம் இதை முதல் வாரத்தில் பேசாதீர்கள். ஆனால் தப்பி வந்தவரின் வாக்குமூலத்தை அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, தேதியும் கையொப்பமும் இட்டு எழுதி வாங்கிப் பங்கு அலுவலகத்தில் பத்திரப்படுத்துங்கள்.