எரிந்துபோன கோப்பும் ஒஹையோவுக்கு இரண்டு பயணங்களும்

என் மனைவியின் தாத்தா இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தரைப்படைச் சிப்பாயாக இருந்தார் என்பதும், ஜூலை வெயிலில்கூடக் கம்பளிக் காலுறையைக் கழற்றமாட்டார் என்பதும் தவிர, அவருடைய போர்க்காலம் பற்றிக் குடும்பத்தில் எவருக்கும் எதுவும் தெரியாது. அவர் எந்தப் பிரிவில், எங்கே இருந்தார் என்று கண்டுபிடித்துத் தரும்படி என் மாமியார் கேட்டபோது, இரண்டு மாதத்தில் முடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பத்தொன்பது மாதங்கள் ஆயின. அவற்றில் பாதியாவது என் அவசரத்தால் வீணானவை என்பதால், இதே தேடலில் இறங்குபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் பணிக் கோப்பைக் கேட்கும் 180ஆம் எண் படிவம் எளிதானது. படையிலிருந்து விடுபட்டு 62 ஆண்டுகள் கடந்தவரின் கோப்பை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். வந்த பதில்தான் தலையில் இடியாக இறங்கியது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே இருந்த ஆவணக் கட்டடத்தில் பற்றிய தீ, 1912 நவம்பர் முதல் 1959 இறுதி வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அழித்துவிட்டது. அவற்றுக்கு நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. தாத்தாவின் கோப்பும் அதில் போயிருந்தது. பதிலோடு ஒரு வினாத்தாளும் இருந்தது: ராணுவ எண் என்ன, எந்தப் பிரிவு, எங்கே சேர்ந்தார், எங்கே விடுபட்டார்? இவற்றைத் தெரிந்துகொள்ளத்தானே எழுதினேன் என்று மனைவியிடம் புலம்பிவிட்டு அதை மேசை இழுப்பறையில் போட்டது என் முதல் பிழை. ராணுவ எண் ஒன்றைக் கொடுத்திருந்தாலே, தீயில் சிக்காமல் தப்பிய இறுதிச் சம்பளச் சீட்டைத் தேடியெடுத்து, அதைக் கொண்டு சேவைச் சான்று வழங்கியிருப்பார்கள்.

அந்த எண்ணைத் தேடுவதற்கு, படையில் சேர்க்கப்பட்ட சுமார் 90 லட்சம் பேரின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை பழைய துளை அட்டைகளைப் படம்பிடித்த மைக்ரோஃபிலிமிலிருந்து இயந்திரம் படித்தவை என்பதால் எழுத்துப் பிழைகள் ஏராளம். பெயரைக் கொடுத்துத் தேடி ஒரு வாரம் ஏமாந்த பிறகு, பெயரை விட்டுவிட்டு, கவுண்டியையும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பிறந்த ஆண்டையும் மட்டும் கொடுத்து, வந்த வரிசையை ஒவ்வொன்றாகப் படித்தேன். குடும்பப் பெயரில் ஓர் எழுத்து மாறி அவர் அங்கே இருந்தார். எண் 35 என்று தொடங்கியது. முதலில் வரும் 3 அவர் தாமாகச் சேர்ந்தவர் அல்லர், கட்டாய ஆள்சேர்ப்பில் எடுக்கப்பட்டவர் என்பதைக் காட்டும்; அடுத்த 5 ஒஹையோ, இண்டியானா, கென்டக்கி, மேற்கு வர்ஜினியா ஆகியவை அடங்கிய ஐந்தாம் மண்டலத்தைக் குறிக்கும். சேர்ந்தது 1943 மார்ச். சேவைக் காலம், 'போர் முடியும் வரை, அதற்குமேல் ஆறு மாதம்'. பத்தொன்பது வயதுப் பண்ணைத் தொழிலாளியிடம் இந்த நிபந்தனைக்கு யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள்.

போர் முடிந்து திரும்பியவர்களில் பலர் விடுவிப்புச் சான்றைத் தங்கள் கவுண்டி அலுவலகத்தில் பதிந்து வைத்தார்கள் என்று அறிந்ததும், தொலைபேசியில் விசாரிக்காமல் நான்கு மணி நேரம் காரோட்டி ஒஹையோவுக்குச் சென்றேன். பதிவேடு எழுத்தரின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. நேர் வாரிசு மட்டுமே கேட்கலாம், மருமகனுக்குத் தரமுடியாது என்று அவர் நிமிர்ந்துகூடப் பாராமல் சொல்லிவிட்டார். நம் ஊரில் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவன் நான். எனக்கே இது உறைக்காமல் போனது. இரண்டாம் முறை மாமியாரையே அழைத்துச் சென்றேன். தந்தையின் பெயருள்ள பிறப்புச் சான்று, திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறியதைக் காட்டும் திருமணச் சான்று, தாத்தாவின் இறப்புச் சான்று ஆகிய மூன்றின் மூலப் பிரதிகளையும் கொண்டுபோனதால் பத்து நிமிடத்தில் நகல் கைக்கு வந்தது. தேடலை அந்த அலுவலகத்திலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும்.

அந்த ஒற்றைத் தாளில் எவ்வளவோ இருந்தன: வலது கட்டைவிரல் ரேகை, துப்பாக்கி வீரர் என்னும் 745ஆம் தொழில் எண், ரைன்லாந்து, மத்திய ஐரோப்பா என்ற இரு போர்த்தொடர்கள், 'போரில் பெற்ற காயங்கள்: இல்லை', மொத்தம் 52 புள்ளிகள். பிரிவு என்ற இடத்தில் ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையின் பெயர் இருந்தது. அதை நம்பி, அந்தப் படையின் 1944 நவம்பர் மாதக் காலை அறிக்கைகளுக்கு (யார் வந்தார், யார் போனார் என்று பிரிவுகள் நாள்தோறும் எழுதிய குறிப்புகள்) பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, எந்தப் பக்கத்திலும் அவர் பெயரைக் காணாமல் சோர்ந்துபோனேன். தாளில் உள்ளது கடைசிப் பிரிவு மட்டுமே. போர் முடிந்தபின் யார் முதலில் ஊர் திரும்புவது என்பதைத் தீர்மானித்த புள்ளிக் கணக்குப்படி சிப்பாய்களைப் பிரித்து, ஊர் திரும்பவிருந்த ஏதோ ஒரு படையில் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். துப்பாக்கி வீரருக்கு விமான எதிர்ப்புப் பீரங்கியில் என்ன வேலை என்று அன்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சரியான பிரிவு எங்கள் மாமியார் வீட்டுப் பரணிலேயே இருந்தது. கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டியின் அடியில் கிடந்த ஓர் உறையில், அனுப்புநர் முகவரியாகப் பெயர், எண், கம்பெனி என்னும் சிறு படைப்பிரிவு, அது சேர்ந்த ரெஜிமென்ட் அனைத்தையும் அவர் கையாலேயே எழுதியிருந்தார். பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. அந்தக் கம்பெனியின் காலை அறிக்கையில், ஜெர்மனியின் ஹூர்ட்கென் காட்டில் இருந்த நவம்பர் நாள் ஒன்றில், அவர் எண்ணுக்கு எதிரே சுருக்கெழுத்துகளில் ஒரே வரி: பணியிலிருந்து மருத்துவமனைக்கு, போர்க்காயமன்று. ஈரத்திலும் குளிரிலும் நாட்கணக்கில் நின்று பாதம் மரத்துப்போகும் 'டிரெஞ்ச் ஃபுட்' நோய் அந்தக் கணக்கில்தான் வரும்; அதற்குப் பதக்கம் கிடையாது. கம்பளிக் காலுறையின் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று நாங்கள் மூவரும் நினைக்கிறோம்.

குண்டடி பட்டிருந்தால் பதக்கத்தோடு 5 புள்ளிகள் சேர்ந்திருக்கும், பிள்ளை ஒன்றுக்கு 12 புள்ளிகள் உண்டு என்று புள்ளிக் கணக்கை விளக்கியபோது, 1948இல் பிறந்த மாமியார் தாளை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் கொஞ்சம் முன்னாடியே பிறந்திருக்கலாம்" என்றார்.