ஸ்டில் 070-க்கு எந்த ஆயில், எவ்வளவு ஆயில்: மூன்று மாதம் கலந்து பார்த்தது

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்தபோது மாமா வாங்கிய ஸ்டில் 070 செயின்சா, அதாவது மரம் அறுக்கும் மெஷின், இப்போது என்னிடம் இருக்கிறது. 106 சிசி, ஒற்றை சிலிண்டர், தூக்கினால் தோள்பட்டை சொல்லும் கனம். காற்றில் சாய்ந்த சில்வர் ஓக்கைத் துண்டு போட வருஷத்துக்கு நாலைந்து நாள்தான் இதற்கு வேலை, ஆனால் அந்த நாலு நாளும் மாமா கையில் ஓடிய மாதிரியே ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஜனவரியில் மழைக்காலத்துக்கு முன்பு கலந்து வைத்த கேன் பெட்ரோலையே ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிஷம் நன்றாக அறுத்தது, அப்புறம் சத்தம் மெலிந்து கூர்மையாகிக்கொண்டே போய் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் இறுக்கம். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது பிஸ்டனில் மேலிருந்து கீழாக மெல்லிய கீறல்கள், நல்லவேளை நகம் மாட்டுகிற அளவுக்கு ஆழம் இல்லை.

இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். நான் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் அளந்துதான் ஊற்றியிருந்தேன், அப்புறம் எப்படி ஆயில் பத்தாமல் போகும் என்று கேனில் மிச்சம் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே ஆயிலின் நீல நிறத்தோடு பெட்ரோல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு நிறமே இல்லாமல் தண்ணீர் மாதிரி ஒன்று. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் மலைக்காற்றின் ஈரத்தை இழுத்து, ஒரு அளவைத் தாண்டியதும் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடுகிறது. டேங்க்கில் ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான். ஆக, மெஷின் குடித்ததில் ஆயிலே கிடையாது.

இதற்குப் பிறகுதான் பெட்ரோலையும் சேர்த்து யோசிக்க ஆரம்பித்தேன். அதுவரை கேட்ட இடமெல்லாம் அளவைப் பற்றிய பேச்சுதான். பட்டறை அண்ணன், "பழைய மெஷின் தம்பி, லிட்டருக்கு நாப்பது ஊத்துங்க, அது ஆயில் குடிச்சாதான் நிக்கும்" என்றார். ஸ்பேர் கடையில் 20 போதும் என்றார்கள். இரண்டு பேருமே ஒரு வகையில் சரி, ஏனென்றால் கம்பெனி சொல்வதே அப்படித்தான்: தங்கள் ஆயில் என்றால் 1:50, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, வேறு 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் என்றால் 1:25, அதாவது 40.

பேப்பரில் கணக்குப் போட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. 1:50-லிருந்து 1:25-க்குப் போனால் கலவையில் பெட்ரோலின் பங்கு 98 சதவீதத்திலிருந்து 96-க்கு இறங்குகிறது, வித்தியாசம் வெறும் 2. ஆனால் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குச் செட் செய்த கார்புரேட்டரில் 20 சதவீத எத்தனால் பெட்ரோலை ஊற்றினால், எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், கலவை எட்டு சதவீதம் போல லீன் ஆகிவிடும். லீன் என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அதனால் சூடு. மாமா காலத்து ஸ்குரூ செட்டிங்கை நான் தொடாமலே வைத்திருந்தேன், அதுவும் தப்பு.

பிப்ரவரியில் பிஸ்டனை நைஸ் எமரித் தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, ரிங், பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் டயாபிரம் மூன்றையும் புதிதாகப் போட்டேன். பழைய ஹோஸ் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, டயாபிரம் காய்ந்த இலை மாதிரி விறைத்துப் போயிருந்தது.

பெட்ரோலுக்கு ஒரு சோதனை. கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 100 மில்லி பெட்ரோல், நன்றாகக் குலுக்கி ஐந்து நிமிஷம் நிறுத்த வேண்டும். சாதாரண பெட்ரோலில் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொண்டதால் 10-ல் இருந்த தண்ணீர்க் கோடு 28 பக்கம் ஏறி நின்றது. சேலத்திலிருந்து வாங்கி வந்த 100 ஆக்டேன் பெட்ரோலில் கோடு அசையவே இல்லை, அதாவது எத்தனால் இல்லை. விலை அதிகம்தான், ஆனால் வருஷத்துக்குப் பத்து லிட்டர் குடிக்கும் மெஷினுக்கு அதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன். இந்தச் சோதனை செய்த பெட்ரோலைத் திரும்ப மெஷினில் ஊற்றாதீர்கள்.

முதல் கலவை ஜாசோ எஃப்பி தரத்துச் சாதாரண 2டி ஆயில், 1:25 (ஜாசோ என்பது ஜப்பானியத் தர அளவு, அதில் எஃப்பியை விட எஃப்டி மேல்). ஓட்டம் நன்றாக இருந்தது, ஆனால் புகை கண்ணை எரித்தது, பிளக் கறுத்து ஈரமாக வந்தது, இரண்டு டேங்க்கிலேயே புகை போகும் துவாரத்தில் கரி ஒட்ட ஆரம்பித்தது. இரண்டாவது ஜாசோ எஃப்டி, 1:50. புகை இல்லை, பிளக் சுத்தம். ஆனால் இன்ஜினுக்குள் இருக்கும் பேரிங் அத்தனைக்கும் எண்ணெய் பெட்ரோல் வழியாக மட்டும்தான் போகிறது, அவ்வளவு பழைய பேரிங்கை 20 மில்லியில் விட எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவதாக அதே எஃப்டி ஆயிலை 1:32-ல், லிட்டருக்கு 31 மில்லி கலந்தேன். அதிலேயே நின்றுவிட்டேன். படகு இன்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 ஆயிலும் பைக்குக்கு ஊற்றும் 4டி ஆயிலும் மட்டும் பக்கத்திலேயே வரக் கூடாது. முன்னது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கு, பின்னது பெட்ரோலோடு எரிவதற்கே செய்ததில்லை.

கலவை மாறும்போதெல்லாம் கார்புரேட்டரின் ஹெச் ஸ்குரூவை (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பது) காதால் செட் செய்கிறேன். மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலேட்டரில் கொஞ்சம் குழறிக்கொண்டு, தடதடவென்று கேட்க வேண்டும். செயின் சுற்றி ஓடும் பாரை மரத்தில் வைத்ததும் அந்தக் குழறல் போய் ஒரே சீரான சத்தமாக மாற வேண்டும். காற்றிலேயே கீச்சென்று சுத்தமாகக் கத்தினால் லீன், உடனே இடது பக்கம் எட்டில் ஒரு சுற்று திறந்துவிடுங்கள்.

இப்போது ஒரு தடவைக்கு இரண்டு லிட்டருக்கு மேல் கலப்பதில்லை. தகர கேனில் பாதி பெட்ரோல், ஆயில், குலுக்கல், அப்புறம் மீதிப் பெட்ரோல். கேன் மேல் தேதி எழுதி ஒரு மாதத்துக்குள் முடிக்கிறேன், வேலை முடிந்த அன்றே டேங்க்கைக் காலி செய்து மெஷின் தானாக நிற்கும் வரை ஓடவிடுகிறேன். 1:32-ல் ஆறு லிட்டர் ஓடியாகிவிட்டது. போன ஞாயிறு திரும்ப சைலன்சரைக் கழற்றிப் பார்த்தேன், பழைய கீறல்கள் மங்கலாகத் தெரிகின்றன, புதிதாக ஒன்றும் இல்லை, பிஸ்டன் மேல் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறது. அடுத்து பன்னிரண்டு லிட்டரில் பார்ப்பேன்.